கார் விளக்குச் சுவிட்ச் ‘ஓட்டோ’வில்தான் இருந்தது, ஆனாலும் டிக்கெட். வழக்காடலாமா?

இரவுவேலைக்காரன் (மார்க்கம்):

எல்லோருக்கும் வணக்கம். ஒக்டோபர் கடைசிச் செவ்வாய்க்கிழமை காலை, பிரம்ப்டனில் இரவு வேலை முடித்துவிட்டு ஸ்டீல்ஸ் வீதியால் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தேன். 407 கட்டண நெடுஞ்சாலை காசு பிடுங்கும் என்பதால் எப்போதும் இதுதான் என் பாதை. அரிசி கழுவிய தண்ணீரை ஊரெல்லாம் ஊற்றிவிட்டதுபோல அன்று ஒரே பனிமூட்டம். மக்கொவன் சந்தி தாண்டியதும் பின்னால் பொலிஸ் வண்டி.

அதிகாரி இளைஞர், மரியாதையாகத்தான் பேசினார். “பின்னாலிருந்து பார்த்தால் உங்கள் வாகனமே தெரியவில்லை, விளக்குப் போடவில்லை” என்றார். நான் சுவிட்சைக் காட்டினேன். ‘ஓட்டோ’வில் இருக்கிறது. 2017ஆம் ஆண்டு வாகனம். வாங்கிய நாளிலிருந்து அந்தச் சுவிட்சை நான் தொட்டதே இல்லை. இருட்டினால் தானாக எரியும், விடிந்தால் தானாக அணையும். அதற்கும் சேர்த்துத்தானே காசு கொடுத்தேன்? அவர் தலையை ஆட்டிக் கேட்டுவிட்டு டிக்கெட்டை எழுதி நீட்டினார். ஒன்டாரியோ நெடுஞ்சாலைப் போக்குவரத்துச் சட்டம், பிரிவு 62(1). தண்டம் 85, மேலதிகக் கட்டணம் 20, நீதிமன்றச் செலவு 5, ஆக 110 டொலர்.

என் பக்க நியாயம் இதுதான். முன்னால் விளக்கு எரிந்தது. சிவப்பு விளக்கில் நின்றபோது முன்னாலிருந்த பஸ்ஸின் முதுகில் அந்த வெளிச்சம் விழுந்ததை என் கண்ணால் பார்த்தேன். வேகமானியும் பளிச்சென்று ஒளிர்ந்தது. பின்னால் எரியவில்லை என்பது உள்ளே இருப்பவனுக்கு எப்படித் தெரியும்? அவர் போன கையோடு சுவிட்ச் ‘ஓட்டோ’வில் இருப்பதைக் கைபேசியில் படமும் எடுத்து வைத்திருக்கிறேன்.

“110ஐக் கட்டிவிட்டுப் படுங்கள்” என்கிறார் மனைவி. படுத்தால் தூக்கம் வரவில்லை. பதில் கொடுக்க 15 நாள். அதில் இன்னும் ஆறு நாள் இருக்கிறது. அந்தப் படம் சாட்சிக்குப் போதுமா?

பனங்கொட்டை:

விசாரணை வேண்டும் என்று போட்டுவிடுங்கள். எழுதிய அதிகாரி நீதிமன்றத்துக்கு வரமாட்டார், வழக்குத் தள்ளுபடியாகும். 2011இல் எனக்கு அப்படித்தான் நடந்தது. பதினைந்து நிமிடத்தில் வெளியே வந்து கோப்பி குடித்தேன்.

கராஜ் தம்பி:

அண்ணா, நீங்கள் பஸ்ஸின் முதுகில் பார்த்தது முன்விளக்கு இல்லை, பகல் விளக்கு. 1989 டிசம்பர் 1க்குப் பிறகு கனடாவில் விற்கவென்று செய்யப்பட்ட புது வாகனங்கள் எல்லாவற்றுக்கும் அது கட்டாயம். இயந்திரத்தை முடுக்கி வண்டி ஓடத் தொடங்கினாலே முன்னால் எரியும். ஆனால் உங்களுடைய காலத்து வாகனங்கள் பலவற்றில் அப்போது பின்னால் ஒன்றுமே எரியாது.

‘ஓட்டோ’ ஏன் வேலை செய்யவில்லை என்றுதானே கேட்கிறீர்கள்? அது வேலை செய்துதான் இருக்கிறது. முன்கண்ணாடிக்குக் கீழே, டாஷ்போர்டின் மேல் பொத்தான் அளவில் ஒரு கறுப்புக் குமிழ் இருக்கும், பாருங்கள். மேலேயிருந்து விழும் வெளிச்சம் எவ்வளவு என்பது மட்டும்தான் அதற்குத் தெரியும். எதிரே எவ்வளவு தூரம் தெரிகிறது என்பது தெரியாது. பகல் நேரத்துப் பனிமூட்டம் வெள்ளை வெளேரென்று இருக்கும். குமிழுக்கு அது நல்ல பகல், பின்னால் வருபவருக்கு நீங்கள் சாம்பல் நிறத்தில் ஒரு நிழல். மழையிலும் இதே கதைதான்.

சோதித்துப் பார்க்க வேண்டுமானால் வாகனத்தை முடுக்கி, ‘ஓட்டோ’வில் விட்டு, குமிழை உள்ளங்கையால் மூடுங்கள். சில நொடிகளில் எல்லா விளக்கும் எரிய வேண்டும். எரிந்தால் கருவியில் பழுது இல்லை.

வேகமானி ஒளிர்ந்ததை வைத்து ஏமாந்தது நீங்கள் மட்டும் இல்லை. பழைய வாகனத்தில் விளக்குப் போடாவிட்டால் அந்தப் பலகையும் இருட்டாக இருக்கும், கை தானாகச் சுவிட்சைத் தேடும். புதியவற்றில் அது எந்நேரமும் ஒளிர்கிறது. இப்படிப் பின்பக்கம் இருட்டாக ஓடும் வாகனங்களுக்கு இங்கே ‘பேய் வாகனம்’ என்றே பெயர். அதனால்தான் 2021 செப்டெம்பரிலிருந்து செய்யப்படும் வாகனங்களுக்குப் புது விதி வந்தது: பகல் விளக்கோடு பின்விளக்கும் எரிய வேண்டும், அல்லது இருட்டில் எல்லாம் தானாக எரிய வேண்டும், அல்லது சாரதிக்குத் தெரியும்படி அந்தப் பலகை இருட்டாகவே கிடக்க வேண்டும். உங்களுடையது அதற்கு நான்கு வருடம் மூத்தது.

சாட்சிக்கூட்டு அக்கா:

நான் சட்டத்தரணி இல்லை. இப்படிப்பட்ட வழக்குகளுக்குத் தமிழ் மொழிபெயர்ப்பாளராகப் பதினான்கு வருடமாகப் போய்வருகிறேன். ‘ஓட்டோ’ என்ற சொல்லை நீதிபதிக்கு எத்தனை முறை மொழிபெயர்த்திருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை.

பனங்கொட்டை அண்ணா கோபிக்கக் கூடாது. அதிகாரிக்கு நீதிமன்றத்துக்கு வருவதும் வேலைதான், பெரும்பாலும் வந்துவிடுகிறார்கள். அதை நம்பிப் போகாதீர்கள்.

இரவுவேலைக்கார அண்ணா, அந்தப் பிரிவு கேட்பது மூன்று விளக்கு. முன்னால் இரண்டு, பின்னால் சிவப்பாக ஒன்று. சுவிட்ச் எங்கே இருந்தது என்று அது கேட்கவில்லை. “வேண்டுமென்று செய்யவில்லை” என்று சொல்வதாலும் பயன் இல்லை. 1978இல் சூ செயின்ட் மேரி நகர வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த வழி இன்றும் நிற்கிறது: இந்த வகைக் குற்றங்களில் அரசுத் தரப்பு உங்கள் நோக்கத்தை நிரூபிக்கத் தேவையில்லை, நீங்கள்தான் தக்க கவனம் எடுத்ததாகக் காட்ட வேண்டும். குமிழ் பழுதாகியிருந்து, கராஜ் பற்றுச்சீட்டும் கையில் இருந்தால் பேசலாம். ஏழு வருடம் சுவிட்சைத் தொடவில்லை என்பதை நீங்கள் பெருமையாகச் சொல்கிறீர்கள். எதிர்த்தரப்பு அதையே உங்களுக்கு எதிராக வாசிக்கும்.

பனிமூட்டத்தை வைத்து வாதாட ஓர் இடம் இருக்கிறது. 150 மீட்டர் தூரத்துக்குள் ஆட்களும் வாகனங்களும் தெளிவாகத் தெரியாதபோதுதான் பகலில் விளக்குக் கட்டாயம். வழக்குத் தொடுநரிடம் அதிகாரியின் குறிப்புகளைக் கேட்டு வாங்குங்கள், அது உங்கள் உரிமை. எவ்வளவு தூரம் தெரிந்தது என்று அவர் ஒன்றும் எழுதாமல் விட்டிருந்தால் கேள்வி கேட்கலாம்.

அதற்கு முன் ஒன்று சொல்லுங்கள். உங்களை மறித்தது எத்தனை மணிக்கு?

இரவுவேலைக்காரன் (மார்க்கம்):

தங்கச்சி, டிக்கெட்டில் 7:56 என்று இருக்கிறது. நான் எடுத்த படத்தில் 8:09. நன்றாக விடிந்துவிட்டது. ஏன்?

தம்பி, குமிழைக் கையால் மூடிப் பார்த்தேன். மூன்று எண்ணுவதற்குள் எல்லாம் எரிந்தன. எரியாமல் இருந்திருக்கலாமே என்று ஒரு கணம் நினைத்தது உண்மை.

சாட்சிக்கூட்டு அக்கா:

அப்படியானால் பனிமூட்டத்தை விட்டுவிடுங்கள். ஒக்டோபர் கடைசியில், குளிர்காலத்துக்காக மணிக்கூட்டை ஒரு மணி நேரம் பின்னுக்குத் திருப்புவதற்கு முந்திய அந்த நாட்களில், இங்கே சூரியன் எழும்புவதே ஏழே முக்காலுக்கு மேல்தான். சூரியன் மறைய அரை மணி நேரத்துக்கு முன்பிருந்து எழும்பி அரை மணி நேரம் ஆகும்வரை, எவ்வளவு தெளிவாகத் தெரிந்தாலும் விளக்குப் போட்டிருக்க வேண்டும். உங்களை மறித்தது அதற்குள்தான். நீங்கள் சாட்சிக்கு எடுத்த படமும் அதற்குள்தான். தயவுசெய்து அதை நீட்டாதீர்கள்! மணிக்கூட்டைத் திருப்பிய பிறகு, அடுத்த செவ்வாய்க்கிழமை அதே மணிக்கு மறித்திருந்தால் அந்த 150 மீட்டரைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கலாம்.

விசாரணை கேட்காமல், முதலில் வழக்குத் தொடுநரைச் சந்திக்கும் தெரிவைப் போடுங்கள். தொலைபேசியிலேயே முடியும். படிவத்தில் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று குறித்தால் இலவசமாகத் தருவார்கள். இதற்குச் சாரதி உரிமத்தில் தண்டப் புள்ளி ஏற்றமாட்டார்கள். ஆனால் குற்றத்தீர்ப்பு உங்கள் சாரதிப் பதிவில் ஏறும், காப்புறுதிக்காரர் பார்ப்பது அதைத்தான். பேசும்போது அதையும் மனதில் வைத்திருங்கள்.

இரவுவேலைக்காரன் (மார்க்கம்):

மூன்று மாதம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும். போன வாரம் தொலைபேசியில் சந்திப்பு நடந்தது. ஒன்பது நிமிடம். பஸ்ஸின் முதுகு, வேகமானி எல்லாவற்றையும் சொன்னேன். படத்தைப் பற்றி மூச்சு விடவில்லை. வழக்குத் தொடுநர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, ஏழு வருடத்தில் வேறு டிக்கெட் இல்லை என்பதால் தண்டத்தை 40 ஆக்கலாம், குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும் என்றார். எல்லாம் சேர்த்து 55 டொலர். வழக்கு முழுதாகத் தள்ளுபடியாகவில்லையே என்ற எரிச்சல் இன்னும் இருக்கிறது. காப்புறுதிப் புதுப்பிப்பு ஏப்ரலில் வரும். ஏற்றினால் இங்கே வந்து புலம்புவேன்.

இப்போதெல்லாம் புறப்படும்போது சுவிட்சைக் கையால் திருப்பிவிட்டு, எதிர்வீட்டுக் கராஜ் கதவில் சிவப்பு விழுகிறதா என்று கண்ணாடியில் பார்த்த பிறகுதான் வண்டியை எடுக்கிறேன். “இருட்டில் ஏன் எங்கள் கதவையே பார்த்துக்கொண்டு இருக்கிறார்?” என்று அந்த வீட்டு அம்மா என் மனைவியிடம் கேட்டிருக்கிறார்.