குண்டுமல்லியைப் பூத்து ஓய்ந்ததும் வெட்டலாமா, கார்த்திகை வரை பொறுக்க வேண்டுமா?

கேள்வி (மதுரை, அக்டோபர் 14)

வணக்கம். எங்கள் வீட்டின் பின்புறம் தரையில் ஆறு வயதுள்ள மூன்று குண்டுமல்லிச் செடிகளும், அவற்றை ஒட்டி ஒரு ஜாதிமல்லியும் உள்ளன. முந்தைய ஆண்டுகளில் சித்திரை, வைகாசி மாதங்களில் நாள்தோறும் இரண்டு முழம் கட்டும் அளவுக்கு அரும்பு பறித்தோம். இவ்வாண்டு கோடையில் ஒரு கையளவுகூடத் தேறவில்லை, ஆடியில்தான் ஓரளவு பூத்தது. இப்போது குண்டுமல்லி இடுப்பளவு வளர்ந்து, வெளிப்பக்கம் அடர்ந்த தழையாகவும் உள்ளே வெறும் குச்சியாகவும் நிற்கிறது. பூத்து உதிராமல் காய்ந்தவை நுனிகளில் பழுப்பாக ஒட்டிக்கொண்டிருக்கின்றன. பூப்பு ஓய்ந்துவிட்டபடியால் நான்கு செடிகளையும் இப்போதே கவாத்து செய்துவிடலாமா?

பதில்

அம்மா, இப்போது வெட்ட வேண்டாம். குண்டுமல்லி புதிதாக விடும் துளிரின் நுனியில்தான் அரும்பு கட்டும் என்பதால், வெயில் ஏறும் மாசி, பங்குனியில் செடி முழுவதும் புதுக்கிளையாக இருக்குமாறு கணக்கிட்டே கவாத்து நாளைக் குறிக்க வேண்டும். அதற்கு ஏற்ற காலம் நவம்பர் கடைசி வாரம், அதாவது கார்த்திகையின் இரண்டாம் வாரம். ஐப்பசியில் வெட்டினால் இளந்துளிர் அடைமழையில் மாட்டிக்கொள்ளும். வெட்டிய குச்சிகளும் ஈரம் தங்கி நுனியிலிருந்து கருகும். இப்போதைக்குக் காய்ந்த பூக்களை மட்டும் கிள்ளி எடுங்கள். சென்ற முறை எந்த மாதத்தில் வெட்டினீர்கள் என்பதையும் தெரிவியுங்கள்.

கேள்வி கேட்டவர்

கடந்த பங்குனிக் கடைசியில். தோட்ட வேலைக்கு வந்தவர் செடி மிகவும் அடர்ந்துவிட்டது என்று சொல்லி, நான் வெளியே சென்றிருந்தபோது நான்கையும் முழங்காலளவுக்கு வெட்டிவிட்டார். அன்று தரையில் கிடந்த கிளைகளில் கடுகளவு அரும்புகள் கொத்துக் கொத்தாக இருந்ததைப் பார்த்து மனம் கலங்கிவிட்டது.

பதில்

அப்படியானால் செடியில் நோய் எதுவும் இல்லை. அவர் வெட்டிய உயரம் சரி, மாதம்தான் தவறு. கோடைப் பூப்பு முழுவதும் அந்த அரும்புகளோடு போயிற்று. மீண்டும் துளிர்த்து முற்றி அரும்பு கட்ட ஆடி ஆகிவிட்டது.

கவாத்துக்கு ஒரு வாரம் முன்பே தண்ணீரை நிறுத்துங்கள். மழை பெய்துகொண்டிருந்தால் இரண்டு மூன்று நாள் வெறிக்கும் வரை காத்திருங்கள். தரையிலிருந்து 50 செ.மீ., அதாவது ஒரு முழத்துக்குச் சற்று மேலே விட்டு, காய்ந்த குச்சி, நோய்ப்பட்ட கிளை, ஒன்றோடொன்று உரசும் கிளை ஆகியவற்றை அடியோடு எடுத்துவிடுங்கள். வெட்டும் இடத்தை உற்றுப் பாருங்கள்: குண்டுமல்லியின் இலைகள் எதிரெதிராக இருப்பதால் ஒவ்வொரு கணுவிலும் இரண்டு மொட்டுகள் உறங்குகின்றன. அந்தக் கணுவுக்கு ஒரு விரற்கிடை மேலே, கூரான கத்தரியால், நார் கிழியாமல் வெட்டினால் ஒரு கிளை இரண்டாகும். கணுவிலிருந்து தள்ளி வெட்டினால் மிஞ்சும் குச்சி காய்ந்து, அந்தக் காய்ச்சல் கீழே இறங்கும். பிறகு தூரைச் சுற்றிக் கொத்தி, செடிக்கு 10 கிலோ மக்கிய தொழு உரம் இட்டு நீர் பாய்ச்சுங்கள்.

மற்றொருவர் பதில் (திண்டுக்கல்)

மேலே சொன்னது குண்டுமல்லிக்கு மட்டுமே பொருந்தும். ஜாதிமல்லியைக் கார்த்திகையில் தொடாதீர்கள் என்று வலியுறுத்திக் கேட்டுக்கொள்கிறேன். ஜாதிமல்லிக்கும் முல்லைக்கும் கவாத்து ஜனவரி கடைசி வாரத்தில், அதாவது தை நடுவில்தான். ஜாதிமல்லியை 60 செ.மீ. உயரத்திலும் முல்லையை ஒரு முழத்திலும் நிறுத்த வேண்டும். ஒரே நாளில் எல்லா மல்லியையும் வெட்டும் வழக்கத்தால்தான் பல வீடுகளில் ஏதாவது ஒன்று பூக்காமல் போகிறது.

கோடையில் ஒவ்வொரு பூப்பும் அடங்கியதும், பூத்த நுனியை இரண்டு கணு அளவுக்குக் கத்தரித்தால் போதும். தொட்டியில் வளர்ப்பவர்களும் இந்த நுனிக் கவாத்தை விடாமல் செய்ய வேண்டும். ஆண்டுக் கவாத்தில் மட்டும் தரைச் செடி அளவுக்கு ஒட்ட வெட்டாமல் பாதி உயரத்தில் நிறுத்திக்கொள்ளலாம்.

கேள்வி கேட்டவர் (டிசம்பர் 20)

நவம்பர் 27 அன்று மழை வெறித்திருந்தது. மூன்று குண்டுமல்லிகளையும் அளவுகோல் வைத்து நானே வெட்டினேன். இன்று காலை பார்த்தபோது பெரும்பாலான கணுக்களில் நெல்மணி அளவில் இரண்டிரண்டு துளிர்கள் வெளிவந்திருந்தன. இரண்டு குச்சிகள் மட்டும் கருகியிருக்கின்றன. அவை நான் கணுவிலிருந்து தள்ளி வெட்டியவை. அவற்றைப் பச்சை தெரியும் இடம் வரை இன்று மீண்டும் வெட்டிவிட்டேன். ஜாதிமல்லியில் இன்னும் பூ இருக்கிறது. தை நடுவில் வெட்டுவதற்காக நாட்காட்டியில் குறித்து வைத்துள்ளேன். தோட்ட வேலைக்கு வருபவரிடமும் சொல்லிவிட்டேன்.