ஒரே தெருவுல பாதி பேருக்கு வயித்தால போகுது, எதிர்சாரிக்கு ஒண்ணுமில்ல, ஏன்?

வியாசர்பாடி வாசி:
மழை விட்டு நாலு நாள் ஆச்சு, எங்க சாரில எட்டு வீட்டுல வாந்தி பேதி, எதிர்சாரில ஒருத்தருக்கும் இல்ல. காத்துல பரவுதுன்னு பக்கத்து வீட்டு ஆயா சொல்லுது, நெசமா?

காசிமேட்டுக்காரன்:
காத்துல இல்ல தல, தண்ணி. உங்க ரெண்டு சாரிக்கும் ஒரே பைப்பா வேற வேறயான்னு பாரு. தண்ணி விடாத நேரத்துல பைப்புல பிரஷர் இருக்காது, ஓட்டை இருந்தா சுத்தி நிக்கிற சாக்கடைய உள்ள இழுத்துக்கும், அப்புறம் நீ அடிபம்பு அடிக்கும்போது மொத குடத்துலயே அது வந்துடும். 1854ல லண்டன்ல ஜான் ஸ்னோன்னு ஒரு டாக்டர் இதத்தான் செஞ்சார், காலரால செத்தவங்க வீட்டையெல்லாம் கணக்கெடுத்தா கிட்டத்தட்ட எல்லாம் ஒரே பம்ப சுத்தி. அப்பவும் ஊரே கெட்ட காத்துன்னுதான் சொல்லினு இருந்துச்சு, உங்க ஆயா மாதிரியே 😀

ராயபுரம் அக்கா:
தம்பி மொதல்ல தண்ணிய நல்லா தளதளன்னு கொதிக்க வை, லேசா சூடு பண்ணா போதாது. பேதி ஆறவங்களுக்கு குடுக்க ஓஆர்எஸ் (உப்பு சக்கர கரைசல்) பாக்கெட் இல்லன்னா கொதிச்சு ஆறின ஒரு லிட்டர் தண்ணில ஆறு டீஸ்பூன் சக்கர, அரை டீஸ்பூன் உப்பு, அளவு மாத்தாத. குழந்தை சோந்து போச்சுன்னா, கண்ணு உள்ள போச்சுன்னா உடனே ஆஸ்பத்திரி.

வியாசர்பாடி வாசி:
பாத்துட்டேன் ணா, எதிர்சாரி பூரா கேன் தண்ணி வாங்குறாங்க!