கோடை விடுமுறைக்கு ஒரு நெடுந்தொடர்: எங்கள் குடும்பக் குழுவில்

கார்த்தி: பரீட்சை முடிந்துவிட்டது. ஜூன் வரை கையில் வேறு வேலை இல்லை. 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' மூன்று தொகுதிகளையும் நேற்று இரவு முடித்தேன். மனம் அந்த உலகத்தை விட்டு வெளியே வர மறுக்கிறது. அதைவிடப் பெரிதாக ஒன்று வேண்டும். தேன்மொழி அக்கா, எதை எடுக்கட்டும்?

சரசு சித்தி: கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படி. இரவு இரண்டு மணிக்கும் உன் அறையில் விளக்கு எரிந்ததை எதிர்வீட்டிலிருந்து நான் பார்த்தேன்.

தேன்மொழி அக்கா: எவற்றையெல்லாம் மனத்தில் வைத்திருக்கிறாய்?

கார்த்தி: வீல் ஆஃப் டைம், சாங் ஆஃப் ஐஸ் அண்ட் ஃபயர், மலாசன், ஸ்டார்ம்லைட் ஆர்க்கைவ். எல்லாம் மாயக் கதைத் தொடர்கள், நண்பர்கள் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். இருப்பதிலேயே பெரியது எது?

தேன்மொழி அக்கா: வீல் ஆஃப் டைம். 14 நூல்கள், முன்கதை தனி. மலாசன் 10. மார்ட்டினுடைய ஐஸ் அண்ட் ஃபயர் இதுவரை 5. ஸ்டார்ம்லைட் 10 நூல்களாகத் திட்டமிடப்பட்டது, 2010 முதல் 2024 வரை 5 வந்து முதல் பாதி முடிந்திருக்கிறது. ஆனால் தம்பி, பருமனைப் பார்த்து எடுக்காதே. இவ்வளவு இடம் கிடைத்ததே, அதை வைத்து எழுதியவர் என்ன செய்தார் என்று பார்.

மேலூர் மாமா: காதணி விழாவுக்கு வேன் சரியாகக் காலை 6 மணிக்குத் திருநகரில் வந்து நிற்கும். பெரியவர்களுக்கு முன் இருக்கை. யாரும் தாமதிக்க வேண்டாம்.

திருநகர் பெரியப்பா: சரி மாப்பிள்ளை, தயாராக இருப்போம்.
கார்த்தி, நீளம் என்றால் எனக்குப் 'பொன்னியின் செல்வன்'தான். 1950 அக்டோபரில் தொடங்கி 1954 வரை கல்கி இதழில் வாராவாரம் வந்தது. அப்பத்தா அந்தப் பக்கங்களையெல்லாம் சேர்த்து பைண்டு செய்து வைத்திருந்தார். நான் படித்தது அந்தப் பிரதியில்தான். தையல் போன ஓரத்தில் வரியின் கடைசிச் சொல் உள்ளே மறைந்திருக்கும். ஊகித்துக்கொண்டே போக வேண்டும். அது சரித்திரக் கதை, நீ கேட்பது மாயக் கதை என்று தெரியும். ஆனாலும் ஐந்து பாகம் படித்து முடித்தபிறகு வந்தியத்தேவனை விட்டுப் பிரிய முடியாமல் தவித்தேன். நீ இப்போது சொல்கிற தவிப்பும் அதுதான்.

தேன்மொழி அக்கா: பெரியப்பா, 'வெண்முரசு' வந்த காலத்தில் தினமும் காலையில் படித்தது நீங்கள்தானே?

திருநகர் பெரியப்பா: ஆமாம் அம்மா. 2014 ஜனவரி முதல் 2020 ஜூலை வரை இணையத்தில் நாள்தோறும் ஓர் அத்தியாயமாக ஜெயமோகன் எழுதினார். மொத்தம் 26 நாவல்கள். மகாபாரதம் தெரிந்த கதை. முடிவும் தெரியும். இருந்தும் அடுத்த நாள் விடியக் காத்திருந்தேன். நாளுக்கு ஓர் அத்தியாயம் என்பதால் மெதுவாகப் போகிறதே என்ற அலுப்பு ஒருநாளும் வந்ததில்லை. மொத்தமாக வாங்கி ஒரே மூச்சில் படிப்பவருக்கு அந்த அனுபவம் வேறாகத்தான் இருக்கும்.

தேன்மொழி அக்கா: மிகச் சரி. வீல் ஆஃப் டைமில் பலரும் இடறி விழுவது அந்த இடத்தில்தான். 2003இல் வந்த பத்தாம் நூலில் கதை அநேகமாக நகரவே நகராது. ஒன்பதாம் நூலின் முடிவில் ஒரு பெரிய சம்பவம் நடக்கும். அது நடந்த நேரத்தில் மற்றவர்கள் எங்கே என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்பதிலேயே பத்தாம் நூலின் பெரும்பகுதி போய்விடும். அதையும் தாண்டி வந்தால் கடைசி மூன்று நூல்கள் புயல்போலப் போகின்றன.

கார்த்தி: அந்த மூன்றையும் எழுதியது வேறு ஒருவராமே?

தேன்மொழி அக்கா: ஆமாம். ராபர்ட் ஜோர்டான் 2007 செப்டம்பரில் இறந்துவிட்டார். குறிப்புகளையும் கடைசிக் காட்சியையும் எழுதி வைத்திருந்தார். அவருடைய மனைவி ஹாரியட்தான் பதிப்பாசிரியரும். அவர் பிராண்டன் சாண்டர்சனைத் தேர்ந்தெடுத்தார். ஒரே நூலாக முடிக்க நினைத்தது மூன்றாகி, 2013இல் நிறைவுற்றது. கணவர் எழுதிய கதை பாதியில் நிற்கக் கூடாது என்று அவர் எடுத்த முடிவை நான் மிகவும் மதிக்கிறேன்.

திருநகர் பெரியப்பா: வடமொழிக் கவிஞர் பாணபட்டர் 'காதம்பரி' கதையை முடிக்காமலே மறைந்தார். மகன்தான் எழுதி முடித்தார். கதை நின்றுபோவதை வீட்டில் இருப்பவர்களால் பொறுக்க முடியாது.

சரசு சித்தி: முடியாத கதையை இவனுக்குக் கொடுக்காதே தேன்மொழி. அப்புறம் வருடக்கணக்கில் நம்மைக் கேட்டுக்கொண்டே இருப்பான்.

தேன்மொழி அக்கா: அதனால்தான் மார்ட்டினை இப்போது வேண்டாம் என்கிறேன் சித்தி. மூன்று நூல் என்று நினைத்துத்தான் தொடங்கினார். முதல் நூல் 1996இல், ஐந்தாவது 2011இல் வந்தது. ஆறாவதுக்கு இன்னும் காத்திருக்கிறார்கள். மூன்றாம் நூலைப் போல நெஞ்சைப் பிடித்து உலுக்கியது எனக்கு வேறு இல்லை. இருந்தாலும் பதினேழு வயதில் தொடங்க வேண்டிய கதை இல்லை. நிறையக் கொடுமை வருகிறது.

கார்த்தி: அப்படியானால் மலாசன்?

தேன்மொழி அக்கா: அதைப் பற்றிப் பேசினால் நிறுத்த மாட்டேன். ஸ்டீவன் எரிக்சன் தொல்லியலும் மானிடவியலும் படித்தவர். போன வருடம் கீழடிக்குப் போனோமே, குழியின் சுவரில் ஒவ்வோர் அடுக்கு மண்ணும் ஒவ்வொரு காலம் என்று காட்டினார்களே, அவருடைய உலகமும் அப்படித்தான். முதல் நூல் ஒரு போரின் நடுவில் உன்னைக் கொண்டுபோய் நிறுத்தும். யார் எவர் என்று ஒருவரும் விளக்க மாட்டார்கள். தொடக்கத்தில் பாத்திரங்களின் பட்டியல் உண்டு, விரல் எப்போதும் அந்தப் பக்கத்திலேயே இருக்கும். இரண்டாம் நூலில் வேறு கண்டம், பெரும்பாலும் வேறு மனிதர்கள்.
ஆனால் அந்த இரண்டாம் நூலில் ஒரு நெடும்பயணம் இருக்கிறது. கோல்டெய்ன் என்ற தளபதி பல்லாயிரம் அகதிகளைப் பாலைவனம் வழியாக, வழியெல்லாம் போரிட்டுக்கொண்டே அழைத்துப் போகிறான். வயதான வரலாற்றாசிரியர் ஒருவர் கூடவே நடக்கிறார். தண்ணீர் இல்லை. நாளுக்கு நாள் ஆட்கள் குறைகிறார்கள். எழுத வந்தவர் அதை எப்படி எழுதுவது என்று திகைக்கிறார். இருபது பக்கத்தில் சொல்லிவிடலாம். எரிக்சன் நூல் முழுக்க நடக்க விடுகிறார். நாமும் நடந்து களைத்த பிறகுதான் அந்த முடிவு நம்மை அடிக்கிறது. நீளத்துக்கு வேலை இருக்கிறது என்று எனக்குப் புரிந்தது அங்கேதான்.

கார்த்தி: போதும் அக்கா, முடிவைச் சொல்லிவிடாதீர்கள்!

தேன்மொழி அக்கா: சொல்லமாட்டேன். உனக்கு இப்போது நான் கொடுக்க நினைப்பது உன் பட்டியலிலேயே இல்லாத ஒன்று. ராபின் ஹாப் எழுதிய 'ரெல்ம் ஆஃப் தி எல்டர்லிங்ஸ்'. 1995 முதல் 2017 வரை 16 நூல்கள். அவற்றில் ஒன்பது ஃபிட்ஸ் என்ற ஒருவனுடைய வாழ்க்கை. ஆறு வயதுப் பையனை அவன் தாத்தாவே கோட்டை வாசலுக்கு இழுத்து வந்து, இவன் உங்கள் இளவரசனுக்குப் பிறந்தவன் என்று காவலாளியிடம் விட்டுவிட்டுப் போகிறார். பையனுக்குப் பெயர்கூட இல்லை. அன்றிரவு லாயத்தில் வேட்டை நாய்களோடு படுக்க வைக்கிறார்கள். அந்தப் பையன் வளர்ந்து, தவறு செய்து, நடுவயதாகி, தலை நரைக்கும்வரை கூடவே போகிறோம். உலகத்தைக் காப்பாற்றுவது எல்லாத் தொடரிலும் உண்டு. ஒரு மனிதனோடு இத்தனை காலம் வாழவிடுவது இங்கேதான். பழைய நண்பன் ஒருவன் பல வருடம் கழித்து வாசலில் வந்து நிற்கும்போது அவனுக்கு வருகிற நடுக்கம் எனக்கும் வந்தது. என்னைக் கேட்டால், நீண்ட தொடர்களிலேயே மிகச் சிறந்தது இதுதான்.

திருநகர் பெரியப்பா: 16 நூலா? விடுமுறைக்குள் முடியுமா?

தேன்மொழி அக்கா: முதல் மூன்றும் சேர்ந்து ஒரு முழுக் கதை பெரியப்பா. 1997இல் முடிந்துவிட்டது. அதோடு நிறுத்தினாலும் குறையில்லை.

சரசு சித்தி: மூன்று என்றால் சரி. விலை?

தேன்மொழி அக்கா: முதல் நூல் என்னிடம் இருக்கிறது. அட்டை கொஞ்சம் நைந்திருக்கும். மற்றவை புது நத்தம் சாலை கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் இருக்கின்றனவா என்று சனிக்கிழமை போய்ப் பார்ப்போம். இல்லாவிட்டால் வாங்கித் தருகிறேன்.

கார்த்தி: சனிக்கிழமை பத்து மணிக்கு வந்துவிடுகிறேன் அக்கா. முதல் நூலை இன்று மாலையே எடுத்துக்கொள்ளலாமா?

தேன்மொழி அக்கா: வா. ஆறு மணிக்கு மேல் வீட்டில்தான் இருப்பேன்.

திருநகர் பெரியப்பா: தேன்மொழி, அந்த வரலாற்றாசிரியர் அகதிகளோடு நடக்கிற நூலை மட்டும் தனியாகப் படிக்க முடியுமா? முதல் நூலின் குழப்பத்தைத் தாங்கும் பொறுமை இந்த வயதில் எனக்கு வராது.

தேன்மொழி அக்கா: முடியும் பெரியப்பா. மனிதர்கள் பெரும்பாலும் புதியவர்கள் என்பதால் அதிகம் இடறாது. முதல் நூலில் வந்து தொடர்கிற சிலர் யார் என்று ஒரு தாளில் எழுதித் தருகிறேன். கார்த்தியிடமே கொடுத்து அனுப்புகிறேன்.