"சி மட்டும்தானே அக்கா?" விண்டோஸ் அடிக்கக் கொடுத்தவர்களின் அனுபவங்கள்

உவர்மலை
அப்டேட் ஒன்று பாதியில் நின்று லாப்டொப் திறக்கவேயில்லை. விண்டோஸைத் திரும்ப அடிக்க, அதாவது புதிதாகப் போட, கடைக்குக் கொண்டுபோனேன். "அக்கா, சி மட்டும்தானே போர்மட் அடிக்க?" என்று தம்பி கேட்டார். "ஓம், எல்லாம் டி-யில்தான் இருக்கு" என்று சொன்னேன். சி-யும் டி-யும் டிஸ்கின் இரண்டு பகுதிகள், விண்டோஸ் இருப்பது சி-யில், போர்மட் அடித்தால் அதிலுள்ளது அழிந்துவிடும். டெஸ்க்டொப்பும் சி-க்குள்தான் என்பது எனக்கு அன்றைக்குத் தெரியாது. அப்பாவைக் கடைசியாகக் கோணேசர் கோயில் வாசலில் வைத்து எடுத்த படங்கள் அங்கேதான் கிடந்தன. கேட்டவுடனேயே ஓம் சொன்னேனே, அதுதான் இன்னும் அறுக்கிறது.

நிலாவெளி
நான் கடைக்குப் போகவில்லை. செட்டிங்ஸில், விண்டோஸைத் தானாகவே திரும்பப் போடும் ரீசெட்டுக்குப் போய், கோப்புகளை வைத்திருக்கும் தெரிவைக் கொடுத்தேன். எல்லாம் இருந்தது. ஆனால் எங்கள் சங்கத்தின் கூட்ட அறிக்கையைத் திறந்தால் ஒரே ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும்! கை நடுங்கிவிட்டது. போட்டிருந்த மென்பொருள்களோடு ஆங்கில எழுத்துகளைத் தமிழாகக் காட்டும் பாமினி எழுத்துருவும் போயிருந்தது. மகள் அதைத் திரும்பப் போட்டதும் தமிழ் வந்தது.

கிண்ணியா
நிலாவெளி அண்ணன் சொல்வதைப் பார்த்து எல்லோரும் ரீசெட்டுக்குப் போகாதீர்கள். என்னுடையது பாதியில் நின்றது, காரணம் டிஸ்க் பழுது. டிஸ்க் சாகும் நிலையில் ரீசெட்டும் உதவாது, புதிதாக அடிப்பதும் உதவாது. முதலில் டிஸ்கைக் கழற்றி வேறு கணினியில் மாட்டிக் கோப்புகளை எடுக்க வேண்டும். பிட்லொக்கர் என்ற டிஸ்க் பூட்டுப் போட்டிருந்தால் 48 இலக்கச் சாவி கேட்கும், அதை முன்னரே எழுதி வையுங்கள். விண்டோஸைப் புதிதாக அடிக்கப் பென்ட்ரைவ் 8 ஜிபியாவது வேண்டும். பார்ட்டிஷனை, அதாவது சி பகுதியை, அழிக்காமல் மேலே அடித்தால் பழையவை விண்டோஸ்.ஓல்ட் என்ற போல்டரில் கிடக்கும், அதுவும் சில நாளில் தானாக அழிந்துவிடும், உடனே எடுங்கள். உவர்மலை அக்கா, அந்தப் போல்டரைப் பார்த்தீர்களா? கடைக்காரரிடம் கொடுக்கும்போது டெஸ்க்டொப், டொக்கியுமென்ட்ஸ், டவுன்லோட்ஸ் என்று பெயர் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

உவர்மலை
பார்த்தேன் தம்பி, இல்லை. போர்மட் அடித்துத்தான் போட்டிருந்தார். அவரில் பிழை இல்லை, கேட்டுவிட்டுத்தானே அடித்தார். வட்ஸ்அப்பில் தங்கச்சிக்கு அனுப்பிய ஒரு படம் மட்டும் மிஞ்சியது. அதில் அப்பா கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறார்.