ஊர்க் குளத்த சுத்தி சுவர் எழுப்பப் போறாங்க, பறவைங்களுக்கு எடம் விடச் சொல்லி எப்படி கேக்குறது?

தாழங்கரை:
எல்லாருக்கும் வணக்கம். திருவாரூர் மாவட்டத்துல ஒரு சின்ன டவுன் எங்களுது, ஊர் பேர் வேணாம். டவுனுக்கு மேக்கால நாலு ஏக்கர்ல ஒரு குளம். தெக்கு கரையில படித்துறை, மத்த மூணு பக்கமும் மண் கரைதான், மேல்கரை, அதாவது மேக்கு கரை முழுக்க தாழம்புதரும் நாணலும். சின்ன வயசுலேர்ந்து பாக்குறேன், கானாங்கோழி குஞ்சுகள கூட்டிக்கிட்டு அந்த புதருக்குள்ளேர்ந்துதான் வெளிய வரும், ஆம்பல் இலை மேல இலைக்கோழி நடக்கும், அறுப்பு முடிஞ்சா நத்தைகுத்தி நாரை கூட்டமா வந்து எறங்கும். கஜா புயல்ல கரையில நின்ன ரெண்டு ஆலமரமும் சாஞ்சதுக்கு அப்பறம் மிச்சம் இருக்குறது இந்த புதர்தான்.

இப்ப சித்திரையில தண்ணி வத்துனதும் தூர் வாரி, நாலு பக்கமும் செங்குத்தா கான்கிரீட் சுவர் வச்சு, மேல பேவர் பிளாக் நடைபாதை, ஹைமாஸ் லைட்டுன்னு பேரூராட்சியில திட்டம் போட்டுருக்காங்க. தூர் வார்றது அவசியம், அத நான் எதுக்கல, வயசானவங்க நடக்க பாதை வேணும் அதுவும் சரிதான். ஆனா புதர் எல்லாத்தையும் பொக்லைன் வச்சு வழிச்சி எடுத்துட்டா இதுங்க எங்க போகும்? போய் கேட்டா "பாம்பு இருக்கும்மா, சுத்தம் பண்றது நல்லதுதானே"ங்குறாங்க. என்ன கேட்டா, எப்படி கேட்டா நடக்கும், தெரிஞ்சவங்க சொல்லுங்க.

மடைக்காரர்:
தங்கச்சி, முதல்ல தூர் வார்ற முறைய பத்தி பேசுங்க, சுவரு அப்பறம். பொக்லைன்காரர் வேலை சுலபமா இருக்கட்டும்னு ஓரத்துலேர்ந்தே ஒரே ஆழமா வெட்டிடுவாரு, குளம் கிணறு மாதிரி ஆயிடும். நீர்க்காகத்துக்கு அது பரவால்ல முங்கி புடிச்சிக்கும், ஆனா கொக்கு மடையான்லாம் நிக்க ஒரு சாண் தண்ணி வேணும் அவ்ளோதான், தண்ணி வத்த வத்த ஓரத்துல சேறு தெரியுது பாருங்க அங்கதான் உள்ளான் மேயும். அதனால நடுவுல எவ்ளோ ஆழம் வேணா எடுத்துக்கட்டும், மேல்கரையிலயும் வடகரையிலயும் ஒரு அடி எறக்கத்துக்கு நாலஞ்சு அடி சாய்வா விட சொல்லுங்க.

இன்னொன்னு, எடுக்குற மண்ண பூரா வெளிய ஏத்தாம நடுவுல ஒரு திட்டு போட்டு அதுல நாட்டுக் கருவை நட்டா ஆளும் நாயும் கிட்ட போக முடியாது, கொக்கு நாரைக்கு கூடு கட்ட எடம் ஆச்சு. சரணாலய ஏரிங்கள்ல வனத்துறையே அப்படித்தான் பண்ணுது.

செங்குத்து சுவர்ல இன்னொரு கொடுமை இருக்கு, யாரும் யோசிக்கிறதில்ல. பால் ஆமை கரை ஏறி மண்ணுலதான் முட்டை போடும். நாலு பக்கமும் சுவர்னா அது உள்ளயே சுத்திக்கிட்டு கெடக்கும். எங்க ஊர்ல ஒரு குளத்துக்கு அப்படி சுவர் வச்சாங்க, மறு வருஷம் மழைக்கு ஒரு ஆமை சுவரோரமா ராவி ராவி ஏற பாத்துச்சு, நான்தான் எறங்கி தூக்கி விட்டேன்.

வடவாறு:
கரையில சீமைக்கருவை இருக்கா? இருந்தா அத மட்டும் வேரோட எடுத்தே ஆகணும், வேற எதையும் மொளைக்க விடாது. வெங்காயத்தாமரையும் அப்படித்தான்.

மடைக்காரர்:
எடுக்கணும்தான் தம்பி, ஆனா ஒரே நாள்ல இல்ல. வேற மரம் இல்லாத எடத்துல கொக்கு அதுலதான் கூடு கட்டியிருக்கும். கூட்டுல குஞ்சு இருக்கான்னு பாத்துட்டு, வருஷத்துக்கு ஒரு பக்கமா எடுத்து அந்த எடத்துல நீர்மருது, புன்னை, நாவல், நாட்டுக் கருவைன்னு வச்சிக்கிட்டே வரணும். வெங்காயத்தாமரைய மொத்தமா எடுத்துடுங்க, ஆம்பல் இருக்கட்டும், இலைக்கோழி முட்டை போடுறதே அந்த இலை மேலதான்.

கூகை:
குளத்த காப்பாத்துனா மட்டும் போதாதுங்க, சுத்தி இருக்குற வயலையும் பாக்கணும். குருணையா தூவுற பூச்சிமருந்து போட்ட வயல்ல நண்டு நத்தைய தின்னுட்டு பறவை செத்து கெடக்குறத நானே பாத்துருக்கேன். எலிக்கு விஷம் வச்சா அந்த எலிய தின்ன கூகையும் சாகுது, ஒரு கூகை ராத்திரிக்கு ஒண்ணு ரெண்டு எலிய புடிக்கும், அத கொன்னுட்டு நம்ம எலிக்கு காசு செலவு பண்றோம். வயல்ல இங்கிலீஷ் T எழுத்து மாதிரி குச்சி நட்டு வச்சா கூகை அதுல வந்து ஒக்காரும், நாங்க பனை மட்டைய வச்சே பண்ணியிருக்கோம். வரப்புல நிக்கிற பனைய வெட்டாதீங்க, பனைய வெட்ட கலெக்டர் அனுமதி வேணும்னு 2021 வேளாண் பட்ஜெட்லயே சொல்லியாச்சு. தூக்கணாங்குருவிக்கும் பனை உழவாரனுக்கும் அதான் வீடு.

ஹைமாஸ் லைட்ட படித்துறை பக்கம் மட்டும் போட சொல்லுங்க. மேல்கரை இருட்டாவே இருக்கட்டும்.

பதிவேடு:
அக்கா, வாயால கேட்டா "பாக்கலாம்"னு முடிஞ்சிடும். 2002 பல்லுயிர் சட்டப்படி ஒவ்வொரு உள்ளாட்சியிலயும் பல்லுயிர் மேலாண்மைக் குழுன்னு ஒண்ணு இருக்கணும், ஊர்ல என்னென்ன உயிர் இருக்குன்னு மக்கள் பல்லுயிர் பதிவேடும் எழுதணும். உங்க பேரூராட்சியில குழு இருக்கா, பதிவேட்டுல இந்த குளம் இருக்கான்னு எழுத்துல கேளுங்க. திங்கக்கெழம கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்துலயும் ஒரு மனு குடுத்து ரசீத வாங்கி வச்சிக்குங்க.

மனுவோட ஆதாரம் வேணும். 2015லேர்ந்து வருஷா வருஷம் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்குது, கொறஞ்சது 15 நிமிஷம் ஒரு எடத்துல நின்னு எண்ணி, பறவை கணக்க பதியிற இ-பேர்டு இணையதளத்துல ஏத்துனா போதும். பொங்கல் போயிட்டாலும் பரவால்ல, எந்த நாளும் ஏத்தலாம். தண்ணி இருக்குறப்பவே எண்ணிடுங்க, சித்திரையில போய் நின்னா வெறும் கட்டாந்தரைதான் தெரியும். வடுவூர், உதயமார்த்தாண்டபுரம் பறவை சரணாலயம் ரெண்டும் 2022ல ராம்சர் பட்டியல்ல, அதாவது உலக அளவுல முக்கியமான ஈரநிலங்களோட பட்டியல்ல சேந்துடுச்சு, ஆனா அங்க அடையிற நாரைங்க மேயிறது சுத்துப்பட்டு வயல்லயும் குளத்துலயும்தான், அத மனுவுல தெளிவா எழுதுங்க.

வடவாறு:
மீன் குத்தகைக்காரர் இருந்தா அவர விட்டுடாதீங்க. எங்க பக்கம் பறவைய வெரட்ட வெடி போடுவாங்க. நாணலும் பாசியும் இருந்தாத்தான் விரால் கூடு வச்சு குஞ்சு பொரிக்கும்னு எடுத்து சொன்னா அவரே கூட நிப்பாரு.

தாழங்கரை:
எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. இன்னைக்கு விடிகாலம் பொண்ண கூட்டிக்கிட்டு போய் அரைமணி நேரம் நின்னு எண்ணுனோம், நத்தைகுத்தி மட்டும் பதினாலு, மேல்கரையில மூணு கானாங்கோழி. ஏத்திட்டோம். சுவர் தெக்கேயும் கெழக்கேயும் மட்டும் போதும், மேக்கயும் வடக்கயும் சாய்வு கரைன்னு மனு எழுதி வச்சிருக்கேன், குத்தகைக்காரர் அண்ணனும் கையெழுத்து போடுறேன்னுட்டாரு. வடகரை சும்மாதான் கெடக்கு, அங்கயும் தாழை வைக்கணும்னு ஆசை, நர்சரியில கேட்டா இல்லன்னுட்டாங்க.

மடைக்காரர்:
எங்க வாய்க்கால் ஓரம் பூரா தாழைதான் தங்கச்சி. பக்கக் கன்னா பேத்து தர்றேன், சாக்கும் மண்வெட்டியும் எடுத்துக்கிட்டு ரெண்டு ஆளா வாங்க, முள்ளு கிழிக்கும். தூர் வாரி முடிஞ்சதும் சொல்லுங்க, ஆத்துல தண்ணி வர்றதுக்குள்ள நட்டுடலாம்.