காசியில் சம்போ பார்த்த சாயங்காலம்

பினாங்கிலிருந்து காசிக்குப் போகிற நம்மவர்கள் பெரும்பாலும் விசுவநாதர் தரிசனம், பித்ரு காரியம், கங்கை ஆரத்தி, இத்தோடு கிளம்பிவிடுகிறார்கள். அம்மாவோடு போன நான் இன்னொன்றையும் பார்த்தேன். அதைப் பார்க்காமல் யாரும் திரும்பக் கூடாது என்பது என் ஆசை.

கொதோலியா பக்கம் நாட்டுக்கோட்டை நகரச் சத்திரம் இருக்கிறது. ஏற்படுத்தியது 1863இல். விசுவநாதருக்கு நகரத்தார், அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள், பூஜைச் சாமான் கொடுப்பதோ அதற்கும் முன்னால், 1813 முதல். இன்றைக்கும் தினமும் பால், பூ, வில்வம், சந்தனம் எல்லாம் சத்திரத்திலிருந்துதான் போகின்றன. 'சம்போ சம்போ மகாதேவா' என்று குரல் கொடுத்தபடி ஏந்திக்கொண்டு விறுவிறுவென்று நடக்கிறார்கள். அதனால் இதற்குப் பெயரே சம்போ. சைக்கிள் ரிக்‌ஷாவும் மாடும் முட்டி மோதுகிற அந்தத் தெருவில், குரல் கேட்டதும் கடைக்காரர்கள் ஒதுங்கி வழி விடுகிறார்கள். பால் தளும்பவில்லை.

புறப்படுவதற்கு முன் ஒரு பெரியவர் அம்மாவைப் பார்த்து, "எந்த ஊரும்மா?" என்றார்.

"பினாங்குங்க."

"அட, நம்ம தண்ணீர்மலையான் ஊரா!" என்று பினாங்கு முருகனை நினைத்துக் கையெடுத்துக் கும்பிட்டார். தைப்பூச வெள்ளி ரதம் இப்போதும் நகரத்தாரின் கோயில் வீட்டிலிருந்துதானே கிளம்புகிறது என்று கேட்டார். அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. பினாங்கில் கோயில் கட்டிய அதே சமூகம் காசியிலும் இருநூறு வருஷமாக இந்தக் கைங்கரியத்தை விடாமல் செய்கிறது. எனக்குப் பெருமையாக இருந்தது.

மறுநாள் கேதார் காட். படிகளில் சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை. நம் கோயில் மதில் மாதிரியே. 17ஆம் நூற்றாண்டில் குமரகுருபரர் வந்து மடம் அமைத்த இடம். பக்கத்து அனுமான் காட்டில்தான் 1898 முதல் நாலு வருஷம் போல பாரதியார் அத்தை வீட்டில் தங்கிப் படித்தார். புத்தர் முதல் உபதேசம் செய்த சாரநாத்துக்கு அரை நாள் ஒதுக்கினால் போதும். அசோகரின் சிங்கத் தூண் தலைப்பு அங்குள்ள மியூசியத்தில் இருக்கிறது, வெள்ளிக்கிழமை மட்டும் பூட்டியிருக்கும்.

அப்புறம், முட்டி வலி உள்ள பெரியவர்களைக் கேதாருக்குப் படகில் கூட்டிப் போகாதீர்கள், படி செங்குத்து. பெங்காலி தோலா சந்து வழியாக வந்தால் நேரே கேதாரேஸ்வரர் கோயில் வாசலுக்கே போய்விடலாம்.