ஏரிப் பாதுகாப்புச் சங்கம்: துணைவிதியில் இரண்டு இடங்களில் உதவி வேண்டும்

வணக்கம் நண்பர்களே. ஊர் ஏரியைப் பராமரிக்கும் குழுவை, தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-ன் கீழ் பதிவு செய்யவிருக்கிறோம். குறைந்தது 7 பேர் வேண்டும் என்பது சிக்கலில்லை. சங்க விவரக் குறிப்பு, நிர்வாகிகள் பட்டியல், உறுப்பினர் பட்டியல், தீர்மான நகல் எல்லாம் தயார். பெயரில் 'மாநில', 'தேசிய' போன்ற சொற்களைத் தவிர்த்துவிட்டோம். அரசின் ஆதரவு இருப்பதுபோல் தொனித்தால் மாவட்டப் பதிவாளர் மறுக்க வாய்ப்புண்டு.

முதல் சிக்கல், துணைவிதியில் (சங்கத்தின் உள்விதிகளில்) வரும் கலைப்புப் பிரிவு. சங்கம் கலைந்தால் மிச்சச் சொத்து உறுப்பினர்களுக்குப் போகாமல், இதே நோக்கமுள்ள வேறொரு அமைப்புக்கே போக வேண்டும். இந்த வரி இல்லாவிட்டால் பதிவு கிடைத்த பிறகும் வருமான வரி விலக்குக்கான பதிவில் ஆட்சேபம் எழலாம். அப்புறம் பொதுக்குழு கூட்டி, சிறப்புத் தீர்மானம் போட்டு, துணைவிதித் திருத்தத்தை மறுபடி பதிவாளரிடம் தாக்கல் செய்யும் அலைச்சல்தான் மிஞ்சும். ஆகவே இப்போதே சரியாக எழுதிவிட விரும்புகிறோம். இரண்டு அலுவலகங்களிலும் ஏற்கப்பட்ட வாசகம் யாரிடமாவது இருந்தால், பெயர்களை மறைத்துப் பகிருங்கள்.

இரண்டாவது, அலுவலக முகவரி. உறுப்பினர் ஒருவரின் வாடகை வீடு அது. உரிமையாளரின் சம்மதக் கடிதமும் வீட்டுவரி ரசீதும் போதுமா, நோட்டரி சான்றும் கேட்கிறார்களா? அண்மையில் பதிவு செய்தவர்கள் மாவட்டத்தையும் சேர்த்துச் சொன்னால் நல்லது, நடைமுறை இடத்துக்கு இடம் மாறுகிறது.

பட்டயக் கணக்காளர்கள் யாராவது கலைப்புப் பிரிவை ஒருமுறை வாசித்துப் பார்க்க முடிந்தால் பேருதவியாக இருக்கும்.